ஊசியில் ஏறும் நிறம்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் பாதையில், அரவேணுவைச் சூழ்ந்த தேயிலைச் சரிவுகளில் கொழுந்து பறிக்கும் பெண்களின் முகத்தையும் முன்கையையும் கண்டவர்களுக்கு, குளிர்ந்த காற்றினுள் மறைந்து நிற்கும் மலை வெயிலின் உக்கிரம் புலப்படாமற் போகாது. ஆயிரம் மீட்டர் உயருந்தோறும் புற ஊதாக் கதிர்களின் வீரியம் பத்தில் ஒரு பங்கேனும் கூடுகிறது. அக்கதிர்களுக்கு எதிராகச் சருமம் தானே விரித்துக்கொள்ளும் குடைதான் மெலனின் என்னும் நிறமி.

அதை விரிக்கும்படி ஆணையிடுவது 13 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு ஹார்மோன். அது உடம்பில் நெடுநேரம் நிலைப்பதில்லையாதலால், 1980-களில் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அதன் அமைப்பைச் சற்றே மாற்றி, நின்று வேலை செய்யும் செயற்கை வடிவங்களைச் சிருஷ்டித்தார்கள். அவற்றுள் அஃபமெலனோடைடு என்பது உண்மையிலேயே ஒரு வரப்பிரசாதம். வெயில் பட்ட சில நிமிஷங்களிலேயே தாங்கொணாத எரிச்சலைத் தரும் புரோட்டோபார்பைரியா என்ற அபூர்வமான பிறவி நோய் உடையவர்களுக்கு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, 16 மில்லிகிராம் மருந்தடங்கிய சிறு துண்டை மருத்துவர் தோலுக்கடியில் வைக்கிறார். பகலில் வெளியே நடமாடும் சுதந்திரம் அவர்களுக்குக் கிடைக்கிறது. 2014-இல் ஐரோப்பாவும் 2019-இல் அமெரிக்காவும் இதற்கு அனுமதி அளித்தன. புற ஊதா சிகிச்சையோடு இதைச் சேர்த்துத் தந்தபோது வெண்புள்ளி நோயாளிகளுக்கு நிறம் விரைந்து திரும்பியதாகவும், கருமேனி உடையவர்களிடமே பலன் மிகுந்ததாகவும் 2015-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. வெண்புள்ளியின் பொருட்டுக் கல்யாணங்கள் தடைப்படும் நம் நாட்டில், அந்த ஆராய்ச்சி மேலும் வளரவேண்டும் என்பது என் மனப்பூர்வமான பிரார்த்தனை.

ஆனால் மேனாடுகளில் மேனி கறுப்பதே அழகென்று தாமே ஊசி குத்திக்கொள்பவர்கள் வாங்குவது அஃபமெலனோடைடின் உடன்பிறப்பான மெலனோடான்-2. இதற்கு எந்த மருத்துவ அனுமதியும் இல்லை. சிறு புட்டியில் பொடியாக வருவதை நீரில் கரைத்து, உள்ளிருப்பது இன்னதென்று அறியாமலே வயிற்றுத் தோலில் செலுத்திக்கொள்கிறார்கள். குமட்டலும் முகச் சிவப்பும் சாதாரணம். ஆண்களுக்குக் குறி மணிக்கணக்கில் விறைத்து நின்று அவசர சிகிச்சை வேண்டியதும், தசை நார்கள் சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்பட்டதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. எல்லாவற்றிலும் என்னைக் கலங்க வைப்பது மச்சங்களின் சமாசாரம். பழைய மச்சங்கள் கறுக்கின்றன, புதியவை தோன்றுகின்றன. சிலரிடம் தோற்புற்றும் கண்டறியப்பட்டது. மருந்துதான் அதற்குக் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆயினும், மச்சம் கறுத்தது மருந்தாலா, புற்றாலா என்று பிரித்தறியவேண்டிய மருத்துவரின் கண்ணை அது மறைத்துவிடுகிறது என்பதே பெரிய அபாயம்.

நம்மவர் தேடுவது இதற்கு நேர்மாறான வர்ணம். வெளுப்பதற்கென்று குளுட்டாதையோன் ஊசி போட்டுக்கொள்வோரும், பாதரசம் கலந்த களிம்பு பூசுவோரும் நம்மிடையே இருக்கிறார்கள். நீலகிரிக்கு அடுத்த மலப்புரம் மாவட்டத்தில், சிறுநீரில் புரதம் கழிந்து உடல் வீங்கி வந்த நோயாளிகள் பலர் அத்தகைய களிம்புகளைப் பூசியவர்கள் என்பதை 2023-இல் கோட்டக்கல் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். பூசுவதை நிறுத்தியபின் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது.