பழைய தொட்டியில் கடல் மீன்

தெரிந்தவர் வீட்டிலிருந்து பழைய கண்ணாடித் தொட்டி வந்ததா? சோப்பு கூடவே கூடாது. உப்புக்கறைக்கு வினிகர் போதும். முன்பு தாமிர மருந்து போட்டார்களா என்று கேட்டுவிடுங்கள், இறாலுக்கு ஆகாது. தண்ணீர் நிரப்பி, ஒழுகுகிறதா என்று இரண்டு நாள் பாருங்கள்.

சமையல் உப்பு வேண்டாம். இதற்கென்றே விற்கும் கடலுப்பை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கரைக்க வேண்டும்.

மறுநாளே தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிந்துவிடும். "மீன் எப்போம்மா?" என்று குழந்தைகள் நச்சரிக்கும். மசியாதீர்கள்! மீனைக் கொல்லும் அம்மோனியா கண்ணுக்குத் தெரியாதே. அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி வரும் அம்மோனியாதான் அவற்றுக்குச் சாப்பாடு. நன்றாக ஓடும் தொட்டியின் ஈரக்கல் ஒன்று கிடைத்தால், உறைமோர் விட்ட பால் மாதிரி வேலை சீக்கிரம் நடக்கும்.

சோதனைச் சொட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டட்டும். அப்புறம் ஒரே ஒரு கோமாளி மீன்.