மரம் எந்தப் பக்கம் சாய்ந்தது?

வேளச்சேரி–தாம்பரம் சாலையில், பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் ஒரு ரேடார் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 2022 ஜனவரியில் முறைப்படி தொடங்கிவைத்த டாப்ளர் ரேடார் அது. சென்னைத் துறைமுகத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவரும் பெரிய ரேடாரின் அலைநீளம் 10 சென்டிமீட்டர். இதன் அலைநீளம் 3 சென்டிமீட்டர்தான். பெரியது வங்கக்கடலில் 400 கிலோமீட்டர் வரை எட்டிப் பார்க்கும். சின்னது அக்கம்பக்கத்தை நுணுக்கமாகப் பார்க்கும். ஆனால் நடுவில் கனமழை நின்றால் அதன் அலை அந்த மழையிலேயே தேய்ந்துபோகும்.

அமெரிக்கப் படங்களில் வருமே, மேகத்திலிருந்து தரைக்குத் தொங்கும் டொர்னாடோ, அது ஒரு நாள் தாம்பரத்தில் இறங்கினால் இந்த ரேடாருக்குத் தெரியுமா?

ரேடார் அனுப்பும் கற்றை ஏறத்தாழ ஒரு பாகை அகலம் கொண்டது. தூரம் போகப் போக அது விரியும். பூமி உருண்டை என்பதால் தரையை விட்டு மேலேறியும் விடும். 100 கிலோமீட்டர் தள்ளிப் போனால் கற்றையின் அகலம் ஒன்றே முக்கால் கிலோமீட்டர், உயரம் ஒன்றரைக் கிலோமீட்டர். டொர்னாடோக்களில் பெரும்பாலானவை நூறு மீட்டர்கூட அகலம் இல்லாதவை. (2013இல் ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் வந்தது 4 கிலோமீட்டருக்கும் மேல் அகலம், அது விதிவிலக்கு.) அதனால் ரேடார்கள் பொதுவாக டொர்னாடோவைப் பார்ப்பதில்லை. அதைப் பெற்றெடுக்கும் மேகத்துக்குள் ஒரு பக்கம் காற்று ரேடாரை நோக்கி வருவதையும், ஒட்டினாற்போல் மறுபக்கம் விலகிப் போவதையும் பார்த்து, ‘இங்கே ஏதோ சுழல்கிறது’ என்று ஊகிக்கின்றன. பள்ளிக்கரணையிலிருந்து தாம்பரம் பத்துக் கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்தில் கற்றையின் அகலம் 200 மீட்டருக்குள் அடங்கும். துறைமுக ரேடாருக்கு அதே இடத்தில் ஏறக்குறைய 500 மீட்டர். இடையில் எழும் அடுக்குமாடிகள் மறைக்காதவரை, தென்சென்னைப் புறநகருக்கு இது நல்ல வாய்ப்பு.

வாய்ப்பு இருந்தும் வேலை குறைவு, ஏனென்றால் நம்மூர் வானத்தில் ஒரு சரக்கு பற்றாக்குறை. மே மாத மாலைகளில் கடற்காற்று கொண்டுவரும் ஈரம் இருக்கிறது, தகிக்கும் தரை இருக்கிறது. இல்லாதது, உயரம் ஏற ஏற திசையும் வேகமும் மாறும் காற்று. அந்த மாற்றம் பலமாக இருந்தால் மேகம் சாய்ந்து நிற்கும். மழை ஒரு பக்கம் விழ, ஈரக்காற்று மறுபக்கம் ஏறும். அப்படிப்பட்ட மேகம் மணிக்கணக்கில் உயிரோடிருந்து சுழலத் தொடங்கும். கோடையின் தொடக்கத்தில் மேலடுக்கு மேற்கத்திய ஜெட் காற்று ஓடுவது வட இந்தியாவின் மேல். நம் தலைக்கு மேல் அல்ல. அதனால் சேலையூர் மேல் எழும் இடிமேகம் நெட்டுக்குத்தாக எழுந்து, தன் மழையைத் தன் மீதே பொழிந்து, அரை மணி, ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது.

வங்கத்திலும் வட இந்தியாவிலும் அந்தச் சரக்கும் உண்டு. 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் தௌலத்பூர்–சதூரியா பகுதியில் இறங்கிய டொர்னாடோ ஏறத்தாழ 1,300 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. உலகிலேயே அதிக உயிரைக் குடித்தது அதுதான். 1978 மார்ச் 17இல் தலைநகர் டெல்லியின் வடபகுதியிலேயே ஒன்று வந்தது. 2024 மார்ச் 31இல் மேற்கு வங்கத்தின் ஜல்பைகுரி மாவட்டத்தில் ஒன்று.

சரி, இவை கூடுகின்றனவா, குறைகின்றனவா? இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் வானிலையாளர்கள் நெளிவார்கள். உலகிலேயே நீளமான, ஒழுங்கான பதிவேடு அமெரிக்காவினுடையது. 1950களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சில நூறு. இப்போது சராசரி 1,200ஐ ஒட்டி. மேலோட்டமாகப் பார்த்தால் பயங்கரமான ஏற்றம். ஆனால் பட்டியலில் கூடியவை பெரும்பாலும் மிக வலுக்குறைந்தவை. முன்பு சோளக்காட்டில் யார் கண்ணிலும் படாமல் போனவை 1990களில் நாடு முழுக்க வந்த டாப்ளர் ரேடார்களிலும், பிறகு கைபேசிகளிலும் சிக்கின. வலுவானவற்றை மட்டும் எண்ணினால் கோடு ஏறவில்லை. மாறியது வேறு: டொர்னாடோ வரும் நாட்கள் குறைந்திருக்கின்றன, வரும் நாளில் கூட்டமாக வருவது கூடியிருக்கிறது; மேற்கே சமவெளியில் இருந்த நடமாட்டம் மெல்லத் தென்கிழக்கு மாநிலங்கள் பக்கம் நகர்ந்திருக்கிறது. வெறும் எண்ணிக்கையை வைத்துத் தலைப்புச் செய்தி போடுகிறவர்களுக்கு இது எதுவும் தெரிய வராது.

நமக்குப் புயல் கணக்கு உண்டு, அதுவும் 1891 முதல். வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் தோன்றிய தாழ்வு மண்டலங்கள், புயல்கள் ஒவ்வொன்றின் பாதையையும் தொகுத்து மின்வடிவ வரைபட நூலாக வெளியிட்டது சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம்தான். அதிலும் இதே சிக்கல் உண்டு: 1960களில் செயற்கைக்கோள் வருவதற்கு முன்னால், கப்பல் எதிரே மாட்டாத நடுக்கடல் புயல் பட்டியலில் ஏறியிருக்க வாய்ப்பில்லை. கரையைத் தாண்டியவை தப்பவில்லை. அந்தப் பட்டியல் எதைச் சொல்லாது என்பதற்குத் தாம்பரமே சாட்சி. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர் மூழ்கியது. அதைக் கொட்டியது வெறும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. தாழ்வு மண்டலமாகக்கூட வலுப்பெறாததால் புயல் பட்டியலில் அதற்கு இடமில்லை. 2023இன் மிக்ஜாம் பட்டியலில் உண்டு, ஆனால் ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரை கடந்த புயலாக! அந்தப் புயலின் வெள்ளத்தில் தவித்த வேளச்சேரிக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

புயலுக்கும் டொர்னாடோவுக்கும் ஓர் உறவும் உண்டு. கரை கடக்கும் புயல் தன் வலது முன்பக்கத்தில் சில நேரம் குட்டி டொர்னாடோக்களைப் போடும். 2004இல் அமெரிக்காவைத் தாக்கிய ஐவன் நூற்றுக்கும் மேல் போட்டது. மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வலது என்றால் வடக்கு. 2012இன் நீலமும் 2022இன் மாண்டசும் மாமல்லபுரம் அருகே கரை கடந்தபோது தாம்பரம் இருந்தது அந்தப் பக்கத்தில்தான். சுழலைத் தேடிப் பார்க்க வேண்டிய இடம் இது. இரவிலும் மழைத்திரையிலும் ஒரு நிமிடம் வந்து போவதைக் கண்ணால் பார்த்துப் பதிவது நடக்காத காரியம். மிஞ்சும் சாட்சி தரையில் கிடப்பதுதான்.

அந்தச் சாட்சியைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் ஜப்பானில் பிறந்து சிகாகோவில் பணியாற்றிய டெட்சுயா ஃபுஜிடா. டொர்னாடோவின் வலுவை F0 முதல் F5 வரை பிரிக்கும் அளவுகோலை 1971இல் தந்தவர். காற்றை அளக்க முடியாது, சேதத்தை அளக்கலாம் என்பது அவர் வழி. வானிலிருந்து எடுத்த படங்களில் விழுந்த மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சில இடங்களில் அவை சுழலாக விழாமல், ஒரு புள்ளியிலிருந்து எல்லாத் திக்கிலும் வெளிநோக்கிச் சாய்ந்திருந்தன. குண்டு வீசப்பட்ட நாகசாகியில் அவர் பார்த்த சேதத்தின் சாயல் அதில் இருந்தது. மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று தடாலெனக் கீழே இறங்கித் தரையில் மோதிப் பரவுகிறது என்றார். 1975இல் நியூயார்க் விமான நிலையத்தில் தரையிறங்க வந்த ஒரு விமானம் நொறுங்கி 113 பேர் இறந்ததற்கு இந்தக் கீழ்ப்பாய்ச்சல்தான் காரணம் என்று அவர் சொன்னபோது பலர் நம்பவில்லை. பிறகு ரேடார்களே நிரூபித்தன.

தென்சென்னைக் கோடையில் தகரக் கூரையைப் பெயர்க்கும் திடீர்க் காற்று பெரும்பாலும் இந்தக் கீழ்ப்பாய்ச்சல் வகைதான் என்பது என் கணிப்பு. பெரும்பாலும் என்று சொல்லத்தான் முடிகிறது. ஒவ்வொன்றையும் பிரித்தறியும் பதிவு நம்மிடம் சேரவில்லை. மழைக்கு அப்படியில்லை: மொட்டை மாடியில் மழைமானி வைத்துக் குறித்துக்கொள்ளும் ஆர்வலர் கூட்டமே சென்னையில் இருக்கிறது. அந்தச் சிரத்தையில் கொஞ்சம் காற்றுக்கும் வேண்டும்.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் தெருவில் காற்றுக்கு மரங்கள் விழுந்தால், மாநகராட்சி ஆட்கள் ரம்பத்தோடு வருவதற்கு முன் படமெடுங்கள். கைபேசியின் திசைகாட்டியைத் திறந்து, வேர் எங்கே, நுனி எந்தத் திசையில் என்று குறியுங்கள், நேரத்தையும் எழுதுங்கள். பக்கத்துத் தெருவிலும் இதையே செய்யுங்கள். எல்லாம் ஒரே திசையிலோ விசிறி போல விரிந்தோ கிடந்தால் கீழ்ப்பாய்ச்சல். ஒடுங்கிய ஒரு பாதையில், இரு பக்கமும் உள்நோக்கிக் குறுக்குமறுக்காகக் கிடந்தால், அந்தப் படங்களை நுங்கம்பாக்கத்திலுள்ள மண்டல வானிலை மையத்துக்கு அன்றைக்கே அனுப்புங்கள்.