உங்களுக்குத் தெரியுமா? இடுப்பில் பிள்ளை, மலையில் பனி!

தாம்பரம் பக்கத்து முடிச்சூர்க்காரர்கள் வாசலில் தண்ணீர் எத்தனை படி ஏறியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கும் அதே நாட்களில், காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்குப் பயிற்சியாளர்களும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நமக்கு வங்கக் கடல் மழை தருகிறது. அவர்களுக்கு மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரானையும் ஆப்கானிஸ்தானையும் தாண்டி வரும் காற்றுச் சுழல் பனி தருகிறது. இரண்டுமே சொன்ன தேதிக்கு வருவதில்லை. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் 4-ல் மிக்ஜாம் புயல், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் என மூன்று முறையும் மீனம்பாக்கம் விமான நிலையம் மூடப்பட்டது. தாம்பரத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிற விமான நிலையத்துக்கே போக முடியாத நாட்கள் அவை. 'பருவத்தின் முதல் பனியையே பார்த்துவிடுவோம்' என்று, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, டிசம்பர் முதல் வாரத்துக்கு டிக்கெட் எடுப்பவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு பந்தயம் கட்டுகிறார்கள்.

பனி விழும் என்ற இரண்டாவது பந்தயத்திலும் தோற்றவர்கள் உண்டு. 2024 ஜனவரியில் பெரும்பகுதி நாட்கள் குல்மார்க் சரிவுகளில் பழுப்பு நிறப் புல்தான் தெரிந்தது. மாதக் கடைசியில்தான் வெள்ளை விழுந்தது. 2025-ல் பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமல் தள்ளிப்போய், மார்ச் 9 முதல் 12 வரை நடந்தன. நாடே நடத்தும் போட்டிக்கே அந்தக் கதி!

காஷ்மீரிகளின் குளிர்காலக் கணக்கு தெரியுமா? டிசம்பர் 21-ல் தொடங்கும் கடும் குளிர் 40 நாள். பெயர் சில்லை கலான், அதாவது பெரியது. அடுத்த 20 நாள் சில்லை குர்த், சிறியது. கடைசி 10 நாள் சில்லை பச்சா. பச்சா என்றால் குழந்தை! பிப்ரவரி 20-ஐ ஒட்டி வருகிற இந்தக் குழந்தைக் குளிர்தான் நம் குழந்தைக்கும் தோது என்பது என் கட்சி. 2025 போல ஏமாற்றாவிட்டால், தரையில் பனி சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம், குளிரின் கடுமை கொஞ்சம் தணிந்திருக்கும், சென்னையில் புயல் காலமும் முடிந்திருக்கும்.

அரையாண்டு விடுமுறைக்குத்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது? இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஏது பள்ளிக்கூடம்? கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை ஊரே கிளம்பும், அறை வாடகையும் விமானக் கட்டணமும் ஏறும், டெல்லியில் மூடுபனியால் விமானங்கள் தாமதமாகும். எல்.கே.ஜி. சேர்க்கும் வரைதான் இந்தச் சுதந்திரம்.

இரண்டு வயது நிறையாத குழந்தை விமானத்தில் அம்மா மடியிலோ அப்பா மடியிலோ போகலாம், அதற்கென்று ஒரு சிறு கட்டணம் உண்டு. திரும்பும் நாளில் இரண்டு முடிந்திருந்தால் தனி இருக்கை வாங்க வேண்டும். பயணத்தின் நடுவே பிறந்தநாள் வருகிறதா என்று பாருங்கள்! ரயிலில் ஐந்து வயதுக்குக் கீழே, தனிப் படுக்கை கேட்காத வரை, கட்டணமே கிடையாது. சென்ட்ரலில் அந்தமான் எக்ஸ்பிரஸ் ஏறினால் கத்ரா வரை போகலாம். அங்கிருந்து ஶ்ரீநகருக்கு 2025 ஜூனில் தொடங்கிய வந்தே பாரத், ஆற்றுக்கு 359 மீட்டர் மேலே நிற்கும் செனாப் பாலத்தின் வழியே போகிறது. கழிப்பறைக் குழாய்த் தண்ணீர் உறையாமல் இருக்க அந்த ரயிலில் சூடேற்றும் வசதி வைத்திருக்கிறார்கள். டயபர் மாற்றுகிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

குல்மார்க்கின் உயரம் சுமார் 2,650 மீட்டர். நம் தொட்டபெட்டா சிகரம் 2,637. அதாவது, அங்கே ஓட்டல் வாசலில் நிற்பதே தொட்டபெட்டா உச்சியில் நிற்பதுதான். கடல் மட்டத்தை ஒட்டிய தாம்பரத்திலிருந்து ஒரே நாளில் அங்கே ஏறுவது பெரியவர்களுக்கே தலைவலி. குழந்தைக்குத் தலை வலித்தால் சொல்லத் தெரியாது. காரணமில்லாமல் அழும், சாப்பாட்டைத் தள்ளும், தூங்காது, வாந்தி எடுக்கும். 'புது இடம், அதான்' என்று விட்டுவிடக் கூடாது. குறையாவிட்டால் 13 கிலோமீட்டர் கீழே டங்மார்க்குக்கோ, இன்னும் கீழே ஶ்ரீநகருக்கோ இறங்கிவிட்டு டாக்டரைப் பார்ப்பதே வழி. முதல் இரண்டு இரவை ஶ்ரீநகரிலேயே கழித்துவிட்டு ஏறுவது இன்னும் நல்லது. கோண்டோலா எனும் கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கும் மேலே அஃபர்வத் மலைக்குப் போகும். பிள்ளையோடு முதல் கட்டத்தில் இறங்கிக்கொள்ளுங்கள். மேலே அப்பா மட்டும் போய்வரட்டும், அடுத்த நாள் அம்மா.

பனிச்சறுக்குப் பள்ளிகள் பெரும்பாலும் மூன்று, நான்கு வயதுக்கு மேல்தான் சேர்த்துக்கொள்ளும். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர், குல்மார்க் சரிவுகளில் வளர்ந்த ஆரிஃப் கான். அவரே நான்கு வயதில்தான் தொடங்கினார். ஆகவே உங்கள் வீட்டு வீரருக்கு இந்த வருடம் ஒரு பிளாஸ்டிக் வாளியும் கரண்டியும் போதும்.

வாடகைக் கடைகளில் கோட்டும் பூட்ஸும் கிடைக்கும், இரண்டு வயது அளவுக்குக் கிடைப்பது கஷ்டம். அதை ஊரிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் குரங்குக் குல்லா வாங்கலாம், ஆனால் உள்ளே பருத்திப் பனியன் போட்டுவிடாதீர்கள். பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பைக் குளிர வைக்கும். மேல் உடுப்பு நனையாததாக இருக்க வேண்டும். இன்னொன்று: நடக்கிற நமக்கு வியர்க்கும்போது, முதுகுப் பையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக் குளிரும். நம் உடம்பை வைத்து அதன் குளிரைக் கணக்குப் போடக் கூடாது.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கிலேயே உறையத் தொடங்கும். பாப்பா தலைக்குக் கொண்டுபோகும் பாட்டில் அங்கே வெள்ளைக் கல்! அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசிக் கஞ்சி வேக நேரமாகும். வறுத்து அரைத்த சத்துமாவு சமாளித்துவிடும்.

அறைக்குள் வைக்கும் புகாரி அடுப்பு, கேஸ் ஹீட்டர், கரி போட்ட காங்கிடிச் சட்டி எல்லாமே மூடிய அறையில் வாசனையே இல்லாத நச்சுவாயுவைச் சேர்க்கக் கூடியவை. காங்கிடியைத் தட்டிவிடக் குழந்தைக்கு ஒரு நொடி போதும். மின்சார வெந்நீர்ப் பையும் மின்கம்பளியும் உள்ள ஓட்டலா என்று கேட்டு அறை எடுங்கள். குழந்தை ஏறும் முன் மின்கம்பளியை அணைத்துவிட வேண்டும்.

புதுப்பனி, புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். ஆயிரம் மீட்டர் ஏற ஏற அந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். மெரினா மத்தியானத்தில்கூட மாட்டாத கறுப்புக் கண்ணாடியை அங்கே குழந்தைக்கு மாட்டத்தான் வேண்டும்.

வெளிமாநில பிரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. குடும்பத்தில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் இருக்கட்டும்.

சினிமாப் பனியை நம்பி இடத்தை முடிவு செய்யாதீர்கள்: 'ரோஜா'வில் (1992) நாம் பார்த்த காஷ்மீர்ப் பனி உண்மையில் இமாச்சலத்து மணாலிப் பக்கம். 'லியோ'வில் (2023) தலைகீழ்: கதை நடப்பது இமாச்சலத்து தியோக், படம் பிடித்தது காஷ்மீரில்.

ஊரிலேயே பனி பார்க்கலாமே என்றால், சென்னையின் மிகக் குறைந்த வெப்பநிலைப் பதிவு 13.9 டிகிரி. அதுவும் 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும்! பனிக்கட்டி வேண்டுமென்றால், அதற்கும் முந்தைய காலத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் வெட்டிக் கப்பலேற்றினார்கள். அதைப் பத்திரப்படுத்த 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

புறப்படும் முன் ஒரு ஒத்திகை: தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியே ஈ.சி.ஆர். போய், விஜிபி வளாகத்தின் ஸ்னோ கிங்டத்தில் பிள்ளையை இறக்கிவிட்டுப் பாருங்கள். பத்தாவது நிமிடத்தில் 'தூக்கு' என்று கையை நீட்டினால், ஶ்ரீநகர் டிக்கெட்டை அடுத்த வருடம் எடுத்துக்கொள்ளலாம்.