வான்செவி

உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில், மலைச்சரிவொன்றில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி வடக்கு தெற்காகக் கிடக்கிறது. கோவிந்த் சுவரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அது 1970 முதல் இயங்கி வருகிறது. அவ்விடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை, சரிவும் அவ்வளவே. ஆகவே, தொலைநோக்கியின் நீள அச்சு புவியின் சுழல் அச்சுக்கு இணையாகிறது. அவ்வச்சில் மெல்லத் திருப்பினாலே ஒரு விண்பொருளைப் பல மணி நேரம் பின்தொடரலாம். மலையையே கருவியின் உறுப்பாக்கிய நுட்பம் இது.

எஃகுக் கம்பிகளாலான பரப்பில் பட்டுத் தெறிக்கும் 92 சென்டிமீட்டர் அலைகளைக் குவியக் கோட்டிலுள்ள 1056 இருமுனை அலைவாங்கிகள் ஏற்கின்றன. விண்ணிலிருந்து வரும் சைகையோ மிக நலிந்தது. வெப்பமுள்ள பொருள் எதுவும் ரேடியோ இரைச்சலை எழுப்பும். வடமும் பெருக்கியும் அதற்கு விலக்கல்ல. தொடக்கத்தில் பல அலைவாங்கிகளின் சைகைகள் வடங்களின் வழியே ஒன்றுசேர்ந்த பின்னரே பெருக்கப்பட்டன. வழியில் இழந்ததை எப்பெருக்கியாலும் மீட்க இயலாது. பெருக்கினால் இரைச்சலும் உடன் பெருகும். எனவே, பின்னாளில் ஒவ்வோர் அலைவாங்கியின் அருகிலேயே குறைந்த இரைச்சலுடைய பெருக்கி பொருத்தப்பட்டது.

அத்தகைய ஏற்பியைச் சோதிப்பது எவ்வாறு? திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் மின்சுற்றுப் பலகை இயங்குகிறதா இல்லையா என்பது முதல் வினா. இங்கு அது போதாது. ஏற்பி தானாக எவ்வளவு இரைச்சலிடுகிறது என்றறிய வேண்டும். அதன் வாயிலில் அலைவாங்கிக்கு மாற்றாக ஒரு மின்தடையத்தை இணைப்பர். முதலில் அறை வெப்பநிலையில், அதாவது 295 கெல்வினில், வெளிவரும் திறனை அளப்பர். பின்னர் மின்தடையத்தைத் திரவ நைட்ரஜனில் அமிழ்த்தி 77 கெல்வினில் அளப்பர். முன்னது பின்னதைப்போல் மும்மடங்காயின் ஏற்பியின் இரைச்சல் வெப்பநிலை 32 கெல்வின். இருமடங்கே எனில் 141 கெல்வின். இரண்டு கெல்வின் அளவுகளோடும் ஏற்பியின் பங்கைத் தனித்தனியே கூட்டி, விகிதம் கண்டு, மாணவரே இதனைச் சரிபார்க்கலாம்.

இரைச்சல் குறைந்தால் மட்டும் போதுமா? சைகைகள் கூட்டப்படும்போது அவற்றின் கட்டமும் ஒத்திருத்தல் வேண்டும். ஒரு பெருக்கியோ வடமோ சைகையை அரை அலைநீளம், அதாவது 46 சென்டிமீட்டர் அளவு பின்தங்கச் செய்தால், அதன் முகடு பிறவற்றின் அகட்டோடு மோதி அழியும். கருவி பழுதின்றி இயங்குவதாகவே தோன்றும். விண்மீன்களுக்கு அப்பாலுள்ள அண்டமோ மங்கித் தெரியும்.