‘கூடும்’ என்றால் எவ்வளவு?

“இன்று மாலை மழை வரக்கூடும்” என்று நண்பர் சொல்கிறார். நீங்கள் குடை எடுத்துச் செல்வீர்களா? அவர் மனத்தில் உள்ள வாய்ப்பு நூற்றுக்கு இருபதா, எண்பதா என்று தெரியாமல் எப்படி முடிவு செய்வது? மழை என்றால் நனைவதோடு போயிற்று. போர் வருமா என்ற கேள்வியிலும் இதே குழப்பம் ஒருமுறை நேர்ந்தது.

1951-ஆம் ஆண்டு. சோவியத் நாட்டின் துணை நாடுகள் யூகோஸ்லாவியாவைத் தாக்குமா என்று அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.யின் மதிப்பீட்டுக் குழு ஆராய்ந்தது. அதைக் ‘கருதத்தக்க வாய்ப்பு’ என்னும் பொருள்பட அறிக்கை தந்தது. குழுவில் இருந்தவர்களுள் ஒருவர் ஷெர்மன் கென்ட். யேல் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர். சில நாள் கழித்து வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர் அச்சொல்லுக்கு என்ன பொருள் என்று அவரைக் கேட்டார். தாக்குதல் நிகழ 65, நிகழாதிருக்க 35 என்றார் கென்ட். அதிகாரி திடுக்கிட்டார். அவர் நினைத்திருந்தது மிகக் குறைவு. உடனே கென்ட் தம் குழுவினரையே விசாரித்தார். ஒருவர் மனத்தில் 20, இன்னொருவர் மனத்தில் 80! அத்தனை பேரும் ஒரே வாக்கியத்துக்கு இசைவு தந்திருந்தார்கள்.

ஆகவே கென்ட் சொற்களுக்கு எண் குறித்தார். ‘ஏறத்தாழ உறுதி’ என்றால் 93 அளவில். ‘பெரும்பாலும் நிகழும்’ என்றால் 75 அளவில். இதை எதிர்த்தவர்களுக்கு அவர் வைத்த பெயர் ‘கவிஞர்கள்’!

எண் குறித்தால் மட்டும் தவறு நேராது என்பதில்லை. 1962 செப்டம்பரில் கென்ட் தலைமையில் இருந்த அதே குழு, சோவியத் நாடு கியூபாவில் அணு ஏவுகணைகளை நிறுவாது என்றே கருதியது. அக்டோபர் 14-இல் வேவு விமானம் எடுத்த படங்களில் ஏவுகணைத் தளங்கள் தெரிந்தன.

இன்று அரசுகள் மட்டுமல்ல, எண்ணெய்க் குழுமங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் வங்கிகளும்கூட இத்தகைய ஆய்வாளர்களை அமர்த்துகின்றன. ஒரு கடல்வழி மூடப்படுமா, ஓர் ஆட்சி கவிழுமா என்பவை அவர்களிடம் வரும் கேள்விகள். திரைப்பட ஒற்றரின் சாகசம் எதுவும் இவ்வேலையில் இல்லை. செய்தித்தாள், வணிகப் புள்ளிவிவரம், செயற்கைக்கோள் படம் இவற்றோடுதான் பெரும்பொழுது கழியும். வரலாறு, பொருளாதாரம், புள்ளியியல், அயல்மொழி ஒன்று ஆகியவை இதற்கு உதவும் படிப்புகள்.

சரி, 1951-இல் தாக்குதல் நிகழவில்லையே, கென்டின் 65 தவறா? ஒரே நிகழ்ச்சியை வைத்து அதைச் சொல்ல முடியாது. பல கணிப்புகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு வழி வகுத்தவர் ஒரு வானிலை அறிஞர். 1950-இல் கிளென் பிரையர் தந்த முறை அது. அதன் எளிய வடிவை நீங்களே செய்து பார்க்கலாம். தினமும் காலையில் மழைக்கான வாய்ப்பை நோட்டில் எழுதுங்கள். 0.8 என்று எழுதி மழை பெய்தால் வேறுபாடு 0.2, அதன் வர்க்கம் 0.04. பெய்யாவிட்டால் 0.8-இன் வர்க்கமான 0.64. மாத முடிவில் சராசரி காணுங்கள். நாள்தோறும் 0.5 என்றே எழுதுபவருக்கு எப்போதும் 0.25 கிடைக்கும். உங்கள் சராசரி அதைவிடக் குறைகிறதா என்று பாருங்கள்.