ஊட்டியில் வாங்கிய ஸ்வெட்டர்

எங்கள் வானொலி நிலையத்தில் ஏர்கோன் 18 டிகிரி. கோலாலம்பூர் வெயிலில் ஸ்வெட்டரோடு வேலைக்குப் போகும் ஆசாமி நான். அதனால், போன டிசம்பரில் அம்மாவுடன் ஊட்டிக்குப் போனபோது "அசல் நீலகிரி கம்பளி" என்று ஒரு கடையில் சொன்னதும் பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன். அறைக்கு வந்து லேபிளைப் பார்த்தால், 100% அக்ரிலிக்!

"அப்போ நீலகிரியில ஆடே இல்லையாடா?" என்றார் அம்மா.

இருக்கிறது. மறுநாள் கார் ஓட்டுநர், சாண்டிநல்லா பக்கம் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரிடம் எங்களை அழைத்துப் போனார். வெள்ளை உடம்பு, தட்டையாகத் தொங்கும் காது, சற்றே வளைந்த மூக்கு. 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் நாட்டு ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் என வெள்ளைக்காரர் காலத்து ஆடுகள் கலந்து உருவான இனம் இது. தமிழகத்தின் மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை ஆடுகளுக்கெல்லாம் வெறும் முடிதான். உடுத்தும் துணிக்கு ஏற்ற மெல்லிய கம்பளி தரும் தென்னிந்திய இனம் நீலகிரி ஆடு மட்டுமே. 2,000 மீட்டர் உயரத்துக் குளிரிலும் மழையிலும் அலட்டிக்கொள்ளாமல் மேய்கிறது.

"கம்பளி நல்ல விலை போகுமா, ஐயா?"

"வெட்டுற கூலிக்கே கட்டுப்படியாகாது தம்பி. குட்டியைக் கறிக்கு வித்தாதான் காசு."

ஆண்டுக்கு இரண்டு முறை கத்தரித்தாலும், ஒரு தடவைக்கு ஓர் ஆட்டில் கிடைப்பது ஏறக்குறைய அரை கிலோதான். மேய்ந்த புல்வெளிகளில் பெரும்பகுதி தேயிலைக்கும் யூகலிப்டசுக்கும் சீகை மரத்துக்கும் போய்விட்டது. இன்னொரு வேடிக்கை, கம்பளியை மேம்படுத்துகிறோம் என்று மறுபடி மெரினோவோடு கலந்தார்கள். 'சாண்டினோ' என்ற புது இனம் பிறந்தது. ஆனால் அப்படிக் கலக்கக் கலக்க, கலப்பில்லாத நீலகிரி ஆடு அரிதாகிக்கொண்டே போனது. மெரினோவுக்குக் கம்பளி அதிகம்தான். இந்த மலையில் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்த உடம்பை எங்கே போய் வாங்குவது? சாண்டிநல்லாவில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இப்போது ஒரு நீலகிரி மந்தையைத் தனியாகப் பராமரித்து வருகிறது. வெளியே பெரியவரைப் போன்றவர்கள் மந்தையை வைத்திருந்தால்தான் இனம் மலையில் நிலைக்கும். அவரோ கறி விலையைத்தான் பார்க்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அம்மா ஒரு குட்டியின் முதுகில் கை வைத்தார். விரலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.

"உங்க ஊர்ல இந்தக் கம்பளியை வாங்குவாங்களா தம்பி?" என்று கேட்டார் பெரியவர்.

அம்மா என் ஸ்வெட்டரைப் பார்த்தார். நான் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.