வைரல் காலம் - 9: ஒரு டிபி இடம் இருந்தும்

2020 ஜூன் கடைசி வாரம். ஊரடங்கில் வீட்டோடு கிடந்தவர்களின் செல்போன்களில் எங்கும் ஒரே வீடியோ. பாடகி சுசித்ரா கேமராவைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசுகிறார். சாத்தான்குளம் ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் சாவைத் தமிழ்ச் சேனல்கள் அதற்கு முன்பே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. ஆங்கிலத்தில் சொன்னதும் வடக்கேயும் காதில் விழுந்தது. இன்ஸ்டாகிராமில் பார்வைகள் கோடியைத் தாண்டின. பிரியங்கா சோப்ரா, ஷிகர் தவான் என்று பலரும் நியாயம் கேட்டுப் பதிவிட்ட நாட்கள் அவை.

இரண்டு உயிரும் பிரிந்தது கோவில்பட்டியில். ஊரடங்கு நேரம் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாக ஜூன் 19 அன்று சாத்தான்குளம் போலீஸார் இருவரையும் பிடித்து, அன்றிரவு நிலையத்தில் வைத்து அடித்தார்கள். தேரிக்காட்டுச் செம்மண் பூமியிலிருந்து சுமார் 100 கி.மீ. தள்ளி, கரிசல் ஊரான கோவில்பட்டியின் கிளைச்சிறையில் அடைத்தார்கள். 22-ம் தேதி இரவு மகன். விடிவதற்குள் அப்பா. இருவரும் அரசு மருத்துவமனையில் இறந்தார்கள்.

ஜூலையில் அந்த வீடியோ இல்லை. மிகைப்படுத்திய தகவல்கள் என்றது சிபிசிஐடி, சுசித்ரா நீக்கிவிட்டார். அதற்குள் டிக்டாக் தடையும் வந்து பேச்சு வேறு பக்கம் திரும்பியிருந்தது.

வழக்குக்கு வேண்டியிருந்ததோ இன்னொரு வீடியோ: காவல் நிலையத்தின் சிசிடிவி பதிவு. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின்படி நீதித்துறை நடுவர் பாரதிதாசன் நிலையத்துக்குப் போனார். ஹார்ட் டிஸ்க்கில் 1 டிபி இடம் இருந்தது. ஆனாலும் அன்றன்றைய பதிவு தானாகவே அழியும்படி செட்டிங் வைத்திருந்தார்கள். 19-ம் தேதி இரவு அதில் இல்லை. மிஞ்சியது, தலைமைக் காவலர் ரேவதி பயத்தோடு சொன்ன சாட்சியம். எத்தனை பேர் பகிர்ந்தாலும் அந்த இரவைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அதற்கு ஒரு மாதம் முன்னால், மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கடைசி நிமிடங்களை 17 வயதுப் பெண் ஒருவர் செல்போனில் எடுத்திருந்தார். அதுவும் உலகம் சுற்றியது. ஆரவாரம் அடங்கிய பிறகும் முழுசாக இருந்தது, நீதிமன்றத்தில் ஓடியது. 2021 ஏப்ரலில் போலீஸ் அதிகாரியாக இருந்த டெரக் சாவினைக் குற்றவாளி என்றது ஜூரி.

இங்கே சிபிஐ 2020 செப்டம்பரில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. மதுரையில் விசாரணை ஆண்டுக்கணக்கில் நீண்டது.

2020 டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாசல் முதல் லாக்கப் வரை கேமரா வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும். பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அதற்கு வசதியில்லாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. மனித உரிமை மீறல் நடந்தால் பதிவைப் பாதுகாக்கச் சொல்லும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு என்று வாசலிலேயே உள்ளூர் மொழியில் பெரிதாக எழுதி வைக்கவும் சொன்னது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் காவல் நிலையங்களைக் கடந்து போகிறவர்கள், அந்தப் பலகை தமிழில் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம்.